புசான் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒரு நாள்: சாப்பிடவும் சுற்றவும் முழுமையான வழிகாட்டி

சியோலிலிருந்து கே.டி.எக்ஸ். என்ற அதிவேக ரயிலில் புசான் வந்து இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே தவறைச் செய்கிறார்கள். பெட்டியை இழுத்துக்கொண்டு நேராக மெட்ரோவுக்குள் இறங்கி, முக்கால் மணி நேரம் பயணம் செய்து ஹேஉண்டே கடற்கரைக்குப் போய்விடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். கடற்கரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் புசானின் சாப்பாடு என்று ஊரே பேசும் பண்டங்களில் பாதி, நான் இறங்கிய ஸ்டேஷன் வாசலுக்கு எதிரிலேயே கிடக்கிறது என்பது திரும்பிப் போகும் நாளில்தான் தெரிந்தது.

காரணம் எளிது. இது கடைசி ஸ்டேஷன். சியோலிலிருந்து கிளம்பும் கியோங்பு ரயில் பாதை இங்கே முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் கடல். 1950-ல் கொரியப் போர் வெடித்தபோது வடக்கிலிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் இங்கே வந்ததும் நின்றுவிட்டார்கள். மேலே போக இடமில்லை. அப்படி நின்றவர்கள் கையில் கிடைத்ததை வைத்துச் சமைத்ததுதான் இன்று புசான் உணவு என்று விற்கிறது. அதனால் இந்த வழிகாட்டி ஸ்டேஷனை விட்டு அதிக தூரம் போகாது. பெரும்பகுதி நடை, கடைசியில் மூன்று ஸ்டேஷன் மெட்ரோ, அவ்வளவுதான்.

முதலில் கையைக் காலி செய்யுங்கள்

சியோலிலிருந்து கே.டி.எக்ஸ். சுமார் இரண்டரை மணி நேரம். சாதாரண வகுப்புக்கு ஏறக்குறைய 60 ஆயிரம் வொன். ஆயிரம் வொன்னை 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தோராயக் கணக்கு வரும். காசு மிச்சம் வேண்டுமென்றால் முகுங்ஹ்வா என்ற மெதுவான ரயில் இருக்கிறது. ஐந்தரை மணி நேரம் ஆகும், கட்டணம் பாதிகூட இல்லை. எதில் வந்தாலும் காலை 10 மணிக்குள் இறங்குவது போல டிக்கெட் எடுங்கள். சனிக்கிழமை என்றால் இன்னும் நல்லது, அதன் காரணம் பின்னால் வரும்.

பிளாட்பாரத்திலிருந்து எஸ்கலேட்டரில் மேலே ஏறினால் பெரிய கூடம். டிக்கெட் காட்ட கேட் எதுவும் இருக்காது, தேட வேண்டாம். பெட்டி வைக்கும் லாக்கர்கள் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கின்றன. திரையில் ஆங்கிலம் தேர்வு செய்யலாம், கார்டிலேயே பணம் கட்டலாம். சனி ஞாயிறுகளில் மதியத்துக்குள் பெரிய லாக்கர்கள் நிரம்பிவிடும். எனவே இறங்கியவுடன் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். பெட்டியோடு நீங்கள் ஏறவே முடியாத ஒரு இடத்துக்குப் போகப் போகிறோம்.

போனில் இரண்டு விஷயங்கள் வேண்டும். ஒன்று, நேவர் மேப் அல்லது காகாவோ மேப். கூகுள் மேப் கொரியாவில் நடை வழி சொல்லுவதில் சரியாக உதவாது. அதை மட்டும் நம்பி வந்தால் சந்துக்குள் நின்று முழிக்க வேண்டியதுதான். இரண்டு, பாபகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலி. சுவரில் ஒட்டியிருக்கும் மெனுவைப் படம் எடுத்தால் ஓரளவு புரியும்படி மாற்றித் தரும். மெட்ரோவிலும் பஸ்ஸிலும் கட்டணம் கட்ட உதவும் டி-மணி கார்டு கையில் இல்லையென்றால் ஏதாவது ஒரு கன்வீனியன்ஸ் ஸ்டோரில் வாங்கி, ரொக்கம் கொடுத்து ஏற்றிக்கொள்ளுங்கள். சந்தைக் கடைகளுக்குக் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

காலை: எதிர்ப்பக்கச் சீனத் தெரு

ஸ்டேஷன் முன் பெரிய சதுக்கம். அதைத் தாண்டினால் ஜுங்காங்-டேரோ என்ற அகலமான சாலை. சிக்னலுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் மெட்ரோ படிக்கட்டில் இறங்கி அந்தப் பக்கம் ஏறிவிடலாம், டிக்கெட் தேவையில்லை.

ஏறியதும் சிவப்பு நிற அலங்கார வளைவு ஒன்று கண்ணில் படும். அதுதான் சைனாடவுன். 1884-ல் சிங் பேரரசு இங்கே தூதரகம் திறந்ததிலிருந்து சீனர்கள் குடியிருக்கும் பகுதி இது. அந்தத் தூதரகம் இருந்த இடத்தில் இன்று சீனக் குழந்தைகளின் பள்ளி நடக்கிறது. 1993-ல் புசானும் ஷாங்காயும் சகோதர நகரங்கள் ஆனதால் தெருவுக்கு ஷாங்காய் தெரு என்ற பெயரும் வந்தது.

இங்கே காலை உணவு ஒன்று உண்டு: கோங்குக். சோயாபீன்ஸை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய சூடான பால், கூடவே எண்ணெயில் பொரித்த நீளமான மாவுத் துண்டு. துண்டைப் பிய்த்துப் பாலில் நனைத்துச் சாப்பிட வேண்டும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே காற்று. பாலில் நனைந்ததும் பன் போல ஊறிக்கொள்கிறது. இனிப்பு வேண்டுமா, உப்பு வேண்டுமா என்பது உங்கள் கையில். சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் கவலையில்லாமல் வயிறு நிறைக்கக்கூடிய மிகச் சில பண்டங்களில் இதுவும் ஒன்று என்பதால் இதைத் தவறவிடாதீர்கள்.

கோங்குக்குக்கும் மாண்டுவுக்கும் பேர்போன கடை ஷின்பால்வொன். 1951-லிருந்து இருக்கிறது. மாண்டு என்பது நம்மூர் மோமோவுக்குக் கிட்டத்தட்டச் சொந்தக்காரன், உள்ளே பன்றி இறைச்சி. வரிசை எப்போதும் நிற்கும். பதினொன்றரைக்கு மேல் போனால் அரை மணி நேரமாவது நிற்க வேண்டியிருக்கும். வரிசையைப் பார்த்து அலுத்துப் போனால் கவலைப்படாதீர்கள், அதே தெருவில் மாண்டு வேகவைக்கும் கடைகள் வேறும் உண்டு. இந்த வட்டாரத்தில் பெயர் பெற்ற சில கடைகளில் வாசலில் ஒரு திரை வைத்து, போன் நம்பரைப் பதியச் சொல்வார்கள். அது கொரிய நம்பரை மட்டும்தான் ஏற்கும். அப்போது உள்ளே தலையை நீட்டி விரலால் எத்தனை பேர் என்று காட்டுங்கள். நான் போன இடங்களில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள்.

சீனத் தெருவை ஒட்டியே டெக்ஸாஸ் தெரு. பெயரைப் பார்த்தாலே புரியும், போருக்குப் பிறகு அமெரிக்கச் சிப்பாய்களை நம்பி முளைத்த தெரு. 1990-களில் ரஷ்ய மாலுமிகளும் வியாபாரிகளும் வரத் தொடங்கியதும் பலகைகள் ரஷ்ய மொழிக்கு மாறின. இன்று ஒரே சந்தில் கொரிய, சீன, ரஷ்ய எழுத்துகள் கலந்து தொங்குகின்றன. ஆட்டுக்கறி வைத்த சம்சா விற்கும் மத்திய ஆசியக் கடைகளும் இந்தப் பக்கம்தான். பன்றி சாப்பிடாதவர்களுக்கு இது நல்ல மாற்று. பகலில் சுற்றிப் பாருங்கள். இரவில் அது மதுக்கடைத் தெரு, குடும்பத்தோடு போகப் பெரிதாக ஒன்றுமில்லை.

11 மணி: செங்கல் கட்டடம், பிறகு 168 படி

வயிற்றில் ஏதோ விழுந்தாயிற்று, அடுத்தது ஏற்றம். ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் பேட்டையின் பெயர் சோர்யாங். அதன் வழியே மலைக்கு ஏறும் பாதைக்கு இபகு-கில் என்று பெயர். இபகு என்றால் புசான் வழக்கில் கதை. சியோல்காரர்கள் இயாகி என்பார்கள்.

பாதையின் தொடக்கத்திலேயே கருஞ்சிவப்புச் செங்கலில் ஒரு பழைய கட்டடம் நிற்கும். 1922-ல் பெக்ஜே மருத்துவமனையாகக் கட்டியது, பிறகு பல கை மாறியது. சமீப வருடங்களில் கீழ்த்தளத்தில் காப்பிக்கடை வந்தது. பூச்சு உதிர்ந்த சுவரையும் தேய்ந்த மரப்படியையும் மறைக்காமல் அப்படியே விட்டிருப்பது எனக்குப் பிடித்தது. அதன் பக்கத்தில் ஒரு செங்கல் சுவர் மட்டும் தனியாக நிற்கும். அது நம்சொன் கிடங்கு. வடக்கிலிருந்து கப்பலில் வந்த உலர்ந்த பொல்லாக் மீனை அடுக்கி வைத்த இடம். கிடங்கை 2009-ல் இடித்துவிட்டார்கள், சுவர் மட்டும் மிச்சம்.

அங்கிருந்து மெல்ல ஏறினால் 168 படிக்கட்டு. எண்ணிக்கை பெரிதாகத் தெரியாது, பழனியில் இதைப் போல நான்கு மடங்கு ஏறியிருப்போம். ஆனால் இங்கே சரிவு செங்குத்து. வளைவு இல்லை, நேராக வானத்தை நோக்கி ஏணி சாத்தியது போல இருக்கும். அடியில் ஒரு கிணறு. மேலே குடிசை போட்டிருந்த அகதிக் குடும்பங்கள் இந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்து இதே படிகளில் சுமந்து ஏறினார்கள். துறைமுகத்தில் கப்பல் வந்த சத்தம் கேட்டதும் கூலி வேலைக்காக ஆண்கள் இதே படிகளில் ஓடி இறங்கினார்கள் என்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படியை விட்டுவிட்டு மேல் சாலை வழியாக வரும் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போகலாம். டாக்ஸிக்கு இந்தத் தூரத்துக்கு அடிப்படைக் கட்டணத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகும்.

பாதி ஏறியதும் வலப்பக்கம் கவிஞர் கிம் மின்-பு பெயரில் ஒரு பார்வை மேடை வரும். மூச்சு வாங்க அதுதான் இடம். ஸ்டேஷன் கூரையும் தண்டவாளங்களும் காலடியில் தெரியும், அதற்கப்பால் துறைமுகம், பாலம். இந்தத் துறைமுகத்தில்தான் 1950 நவம்பரில் இந்திய ராணுவத்தின் 60-வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு வந்து இறங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் நம் ஆற்காட்டுக்காரர். அந்தப் பணிக்காக அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. அவரைப் பற்றி அங்கே பலகை எதுவும் நான் பார்க்கவில்லை, நாமே நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

உச்சியில் மலையின் இடுப்பைச் சுற்றி ஓடும் சாலைக்கு சன்பொக்-டோரோ என்று பெயர், மலைவயிற்றுச் சாலை என்று சொல்லலாம். இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனியுங்கள். சாலையின் கீழ்ப்பக்கத்து வீடுகளின் மொட்டைமாடி சாலை மட்டத்தில் இருக்கும், அதில் கார் நிறுத்தியிருப்பார்கள். கார் மாடியில், வீடு அதற்குக் கீழே. கொஞ்சம் தள்ளி யூ சீ-ஹ்வான் என்ற கவிஞர் பெயரில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. அதில் போடும் கடிதம் ஒரு வருடம் கழித்துத்தான் போய்ச் சேரும்.

மருத்துவர் ஜாங் கீ-ரியோவின் நினைவிடமும் இதே வழியில். வடக்கிலிருந்து போரில் வந்தவர், மனைவியையும் மற்றப் பிள்ளைகளையும் அங்கே விட்டு ஒரே ஒரு மகனோடு. 1968-ல் நீலச் சிலுவை என்ற மருத்துவக் காப்பீட்டுச் சங்கத்தை இந்த ஊரில் தொடங்கினார், அரசாங்கம் காப்பீடு கொண்டுவருவதற்கு முன்பே. பத்து நிமிடம் ஒதுக்கலாம்.

ஒரு வேண்டுகோள். இவை காட்சிக்கு வைத்த வீடுகள் இல்லை. பெரும்பாலும் வயதானவர்கள் குடியிருக்கிறார்கள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், சத்தம் போட்டுப் பேசாதீர்கள்.

மதியம்: குக்பப்பா, மில்ம்யோனா?

இறங்கி வரும்போது மணி ஒன்றை நெருங்கியிருக்கும், பசியும்தான். இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். குளிர்காலம் என்றால் குக்பப், கோடை என்றால் மில்ம்யோன். இரண்டுமே தனியாக வருகிறவர்களுக்கு ஏற்ற சாப்பாடு. பல கொரியக் கடைகளில் ஒரு ஆளுக்குப் பரிமாற மாட்டார்கள், இரண்டு பங்கு சொன்னால்தான் அடுப்பே பற்றும். இந்த இரண்டுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

துவேஜி குக்பப் என்றால் பன்றி எலும்பைப் பல மணி நேரம் கொதிக்கவைத்த ரசத்தில் சோறும் மெல்லிய இறைச்சித் துண்டுகளும். கிட்டத்தட்ட நம் ஆட்டுக்கால் பாயாவின் போக்கு, மசாலா மட்டும் இல்லை. ஒரு கிண்ணம் சுமார் 10 ஆயிரம் வொன். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே பொன்ஜோன் என்ற கடைக்கு எப்போதும் வரிசை. அது கிடைக்காவிட்டால் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கும் எந்தக் கடையிலும் ஏமாற மாட்டீர்கள்.

சாப்பிடும் முறையைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கறுப்பு மண் சட்டியில் தளதளவென்று கொதித்தபடி வரும். உடனே வாயில் வைக்காதீர்கள், நாக்கு வெந்துவிடும். முதலில் ஒரு கரண்டி ரசத்தை ஊதிக் குடித்துப் பாருங்கள். சப்பென்று இருக்கும். வேண்டுமென்றேதான் உப்பு குறைவாக விட்டிருக்கிறார்கள், மீதி வேலை உங்களுடையது. மேசையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பிட்ட குட்டி இறால் இருக்கும், பெயர் சேவுஜோத். அதில் அரைக் கரண்டி. பிறகு மிளகாய் சேர்த்துப் பிசிறிய பச்சைப் புல் போன்ற கீரை ஒரு தட்டு வரும். பூச்சு என்று பொதுவாகவும் ஜொங்குஜி என்று புசான் வழக்கிலும் சொல்வார்கள், பூண்டு வாசம் அடிக்கும். அதைத் தாராளமாக அள்ளிப் போடுங்கள். தனியாக ஒரு சிறு சுருள் நூடுல்ஸ் கொடுத்திருந்தால் அதை முதலில் சட்டியில் போட்டுத் தின்றுவிட வேண்டும், இல்லையென்றால் கட்டிக்கொள்ளும். நடுவில் சிவப்பு மிளகாய் விழுது ஏற்கெனவே மிதந்தால் கலக்குவதற்கு முன் கொஞ்சம் எடுத்து ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். காரம் நமக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் மொத்தமும் கரைந்துவிட்டால் எலும்பு ரசத்தின் ருசி மறைந்துவிடும். பச்சை மிளகாயும் பச்சை வெங்காயமும் கடித்துக்கொள்ளக் கொடுப்பார்கள். அந்த நிமிடம் கொஞ்சம் ஊர் ஞாபகம் வரும்.

சோறு கலந்து வருவது பிடிக்காது என்றால் தாரோ குக்பப் என்று கேளுங்கள், சோற்றைத் தனிக் கிண்ணத்தில் தருவார்கள். நான் எப்போதும் அதைத்தான் கேட்பேன்.

மில்ம்யோனின் கதை வேறு. வடக்கில் கோதுமைக்குப் பதில் பக்வீட் என்ற தானியத்தில் நெங்ம்யோன் என்ற குளிர் நூடுல்ஸ் செய்வார்கள். அகதியாக வந்தவர்களுக்கு இங்கே பக்வீட் கிடைக்கவில்லை, அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு மலிவாகக் கிடைத்தது. அதையே பிசைந்து பிழிந்தார்கள். மில் என்றால் கோதுமை, ம்யோன் என்றால் நூடுல்ஸ். இன்று அசல் நெங்ம்யோனை விட இதைத் தேடி வருகிறவர்கள் அதிகம். ஸ்டேஷனுக்கு எதிரே சோர்யாங் மில்ம்யோன் என்ற கடை பிரபலம், நூடுல்ஸ் விலையும் குக்பப்பை விடக் குறைவு.

இரண்டு வகை. முல் என்றால் பனிக்கட்டி மிதக்கும் குளிர் ரசத்தோடு, பிபிம் என்றால் சிவப்பு விழுதில் பிசறியது. முதல் தடவைக்கு முல் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் ஒரு கெட்டிலில் சூடான ரசம் வரும், தண்ணீர் என்று நினைத்து மடக்கென்று குடித்து நான் வாய் வெந்தவன். கிண்ணம் வந்ததும் மேசையில் இருக்கும் கத்தரிக்கோலால் நூடுல்ஸைக் குறுக்காக ஒரு வெட்டு. கொஞ்சம் வினிகர், கொஞ்சம் கடுகு விழுது. மேலே பாதி முட்டை, வெள்ளரி, ஊறவைத்த முள்ளங்கி. ரசம் இறைச்சி ரசம் என்பதை மறக்க வேண்டாம்.

நேரத்தையும் மறக்க வேண்டாம். பல கடைகள் 3 மணியிலிருந்து 5 மணி வரை அடுப்பை அணைத்துவிடும். ஒரு முறை மூன்றரை மணிக்கு நல்ல பசியோடு போய், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே சமையல்காரர்கள் உட்கார்ந்து அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிடுவதை வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

கடைக்குள் எப்படி நடந்துகொள்வது

பரிமாறும் பெண்மணி நடுத்தர வயதுக்காரர் என்றால் இமோ என்று கூப்பிடலாம். அம்மாவின் சகோதரி, நம் சித்தி. நம்மூர் மெஸ்ஸில் அக்கா என்பது போலத்தான். தயக்கமாக இருந்தால் யோகியோ என்று குரல் கொடுங்கள், இங்கே பாருங்கள் என்று பொருள். கொரியாவில் குழந்தைகள் அப்பாவை அப்பா என்றும் அம்மாவை ஓம்மா என்றும் கூப்பிடுவதை அடுத்த மேசையில் கேட்டுத் திரும்பிப் பார்க்காத தமிழர் இல்லை.

கரண்டியும் சாப்ஸ்டிக்கும் மேசையில் காணவில்லையா? மேசையின் பக்கவாட்டில் ஒரு இழுப்பறை இருக்கும், இழுத்துப் பாருங்கள். கிம்ச்சி முதலான தொட்டுக்கைகளுக்கு பான்சான் என்று பெயர், அதற்குத் தனிக்காசு இல்லை. தீர்ந்தால் காலித் தட்டைக் காட்டி தோ ஜுசெயோ என்றால் இன்னும் தருவார்கள். சில இடங்களில் சுவரோரம் வைத்திருப்பார்கள், நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும், தண்ணீரும் அப்படியே. மிச்சம் வைப்பதை விரும்ப மாட்டார்கள். பில்லை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். எழுந்து வாசலருகே கல்லாவில் கட்டுங்கள். டிப்ஸ் பழக்கம் இல்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன், சிரமம்தான். கிம்ச்சியிலேயே மீன் அல்லது இறால் ஊறல் இருக்கும். ரசம் எல்லாம் எலும்பு அல்லது நெத்திலி. கோகி பே ஜுசெயோ, அதாவது இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மேலே இருக்கும் துண்டுகளை எடுத்துவிடுவார்கள், ரசம் அதேதான். மீனும் கறியும் வேறு வேறு என்றுதான் அவர்கள் கணக்கு, எனவே மீனைத் தனியாக மறுக்க வேண்டும். காலையில் சொன்ன கோங்குக், அடுத்து வரும் ஹோத்தோக், பழக்கடை, பேக்கரி, இவற்றை வைத்து நாளை ஓட்டலாம். கையில் கொஞ்சம் ஊறுகாயும் இருந்தால் வெள்ளைச் சோறு எங்கும் கிடைக்கும்.

பிற்பகல்: 40 படி, பாலம், சந்தை

ஸ்டேஷனிலிருந்து தெற்கே ஜுங்காங்-டேரோவிலேயே கால் மணி நேரம் நடந்தால் 40 படிக்கட்டு என்ற இடம். இதில் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை, பார்த்தால் போதும். போர்க்காலத்தில் புசான் ஸ்டேஷன் இப்போது இருக்கும் இடத்தில் இல்லை, இந்தப் பக்கம்தான் இருந்தது. 1953 நவம்பரில் பெருந்தீயில் அது எரிந்துபோனது. பிரிந்த சொந்தங்களைத் தேடியவர்கள் இந்தப் படிகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இன்று அங்கே சிலைகள் வைத்திருக்கிறார்கள். அக்கார்டியன் வாசிக்கும் ஒருவர் படியில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பிடித்தது இன்னொன்று: அரிசிப் பொரி பொரிக்கும் இரும்புக் குண்டைச் சுற்றுகிறவர், அது வெடிக்கப் போகிற நொடியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் குழந்தைகள்.

சனிக்கிழமை வரச் சொன்னேன் அல்லவா, யோங்டோ பாலத்துக்காகத்தான். 1934-ல் கட்டிய பாலம், கப்பல் போக ஒரு பகுதி தூக்கிக்கொள்ளும். 1966-ல் தூக்குவதை நிறுத்திவிட்டார்கள், 2013-ல் புதுப்பித்து மறுபடி தொடங்கினார்கள். சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குத் தூக்குவது வழக்கம், சுமார் கால் மணி நேரம். ஓடி வரும்போது பிரிய நேர்ந்தால் யோங்டோ பாலத்தில் சந்திப்போம் என்று சொல்லிப் பிரிந்த குடும்பங்கள் ஏராளம். புசானில் அவர்களுக்குப் பெயர் தெரிந்த இடம் அது ஒன்றுதான். பாலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மதியச் சாப்பாட்டைப் பன்னிரண்டுக்கே முடித்துவிட்டு, படிகளைத் திரும்பும் வழியில் பாருங்கள்.

பாலத்தை ஒட்டியே நம்போ வட்டாரம். நடக்கச் சோம்பலாக இருந்தால் புசான் ஸ்டேஷனிலிருந்து மெட்ரோ முதல் லைனில் ஜுங்காங், நம்போ, ஜகல்சி என்று மூன்றே நிறுத்தங்கள்.

ஜகல்சி கொரியாவின் பெயர் பெற்ற மீன் சந்தை. பெரிய கட்டடத்தில் கீழே உயிர் மீனைத் தேர்ந்தெடுத்தால் மேல் மாடியில் வெட்டிப் பரிமாறுவார்கள். மீனுக்கு ஒரு விலை, உட்காருவதற்கும் தொட்டுக்கைக்கும் தனியாக ஆளுக்கு இவ்வளவு என்று இன்னொரு விலை. இரண்டையும் முன்கூட்டியே கேட்டுவிட்டு உட்காருங்கள். எனக்கு அதை விட வெளிச் சந்தில் இருக்கும் பொரித்த மீன் சாப்பாட்டுக் கடைகள்தான் இஷ்டம். தட்டில் நாலைந்து வகை மீன், சோறு, ஒரு சூப். பன்றியும் மாடும் வேண்டாதவர்கள் மதியச் சாப்பாட்டையே இங்கே வைத்துக்கொள்ளலாம்.

சாலையைக் கடந்தால் பிஃப் சதுக்கம், 1996-ல் புசான் சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கிய இடம். விழா பெரும்பாலும் வேறு பக்கம் போய்விட்டது, கூட்டம் மட்டும் போகவில்லை. அந்தக் கூட்டம் நிற்பது ஹோத்தோக் வண்டிக்கு. மாவு உருண்டைக்குள் சர்க்கரை வைத்துக் கொழுப்பில் பொரித்து எடுத்து, கத்தரிக்கோலால் வயிற்றைக் கிழித்து, சூரியகாந்தி விதையும் பூசணி விதையும் வேர்க்கடலையும் ஒரு கரண்டி திணித்து, காகிதக் கோப்பையில் செருகித் தருவார்கள். கடிக்கும்போது உருகிய சர்க்கரை சட்டையில் வழியும், குனிந்து சாப்பிடுங்கள்.

அங்கிருந்து குக்ஜே சந்தை, அதை ஒட்டி புப்யோங் கங்தோங் சந்தை. கங்தோங் என்றால் தகர டப்பா. அமெரிக்க முகாம்களிலிருந்து கசிந்த டப்பா உணவுகளை விற்ற இடம், பெயர் அப்படியே நின்றுவிட்டது. 2013-லிருந்து இரவுச் சந்தையும் நடக்கிறது. பிபிம் தாங்ம்யோன் கேளுங்கள். கண்ணாடி போன்ற நூடுல்ஸில் விழுதைப் போட்டுப் பிசறியது, கிண்ணம் கையில் வந்து மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

இரவு, ரயிலுக்கு முன்

இரவு தங்குகிறவர்கள் திரும்பி சோர்யாங் பக்கம் வந்து பன்றி விலாக்கறிக் கடைகள் இருக்கும் குறுகிய தெருவைத் தேடுங்கள். துறைமுகத் தொழிலாளிகள் வேலை முடிந்து வந்து சாப்பிட்ட இடம். மேசை நடுவே தீ, சோயா சாஸில் ஊறிய கறி. இங்கே இரண்டு பங்கு கட்டாயம் சொல்ல வேண்டியிருக்கும். புகை சட்டையில் ஏறிவிடும், நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள்.

அன்றே திரும்புகிறவர்கள் ரயிலுக்கு நாற்பது நிமிடம் முன்பே வந்துவிடுங்கள், பெட்டி எடுக்கவும் ஓமுக் சாப்பிடவும். ஓமுக் என்பது மீன் சதையை அரைத்து மாவு சேர்த்துப் பொரித்தது. சில்லறை மீன்களைச் சதைத்துச் செய்யத் தொடங்கிய ஏழைப் பண்டம். யோங்டோவில் 1953-ல் தொடங்கிய சம்ஜின் ஓமுக் போன்ற கடைகள் இன்று அதை பேக்கரி போலக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி விற்கின்றன. தட்டையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு நாமே பொறுக்க வேண்டும். மிளகாய் வைத்தது, சீஸ் வைத்தது, பிரெட் தூள் ஒட்டிப் பொரித்தது என்று வகைவகையாக இருக்கும். ஸ்டேஷனிலும் அதைச் சுற்றியும் இத்தகைய கடைகள் உண்டு. ஊருக்கு வாங்கிப் போக வேண்டுமென்றால் குளிர்ப் பெட்டியில் கட்டிக் கேளுங்கள், சியோல் வரை தாங்கும்.

ஆனால் நான் வாங்குவது குச்சியில் மடித்துச் செருகி, முள்ளங்கி போட்ட ரசத்தில் மிதக்கும் சாதாரண ஓமுக்தான். பக்கத்திலேயே முல்-தோக் என்று அரிசிக் கொழுக்கட்டையும் குச்சியில் ஊறிக்கொண்டிருக்கும், சியோலில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. தின்ற குச்சிகளைப் போட்டுவிடாதீர்கள், கடைசியில் அவற்றை எண்ணித்தான் காசு. காகிதக் கோப்பையில் ரசம் மட்டும் எத்தனை தடவை மொண்டு குடித்தாலும் இலவசம். பலகையில் உங்கள் ரயிலுக்கு நேரே பிளாட்பார எண் வந்துவிட்டதா என்று மட்டும் நடுநடுவே தலையைத் தூக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.